வாயில் பறி கவ்விய ராணி

கணினி விளையாட்டுகளுக்கு மாய உலகங்களை வரைவது என் வேலை. போன வருடம் எனக்கு ஒரு நீர் ராஜ்ஜியம் வந்தது. மற்றவர்கள் வெளிநாட்டுக் கோட்டைகளின் படங்களைத் தேடிக்கொண்டிருக்க, நான் எண்ணூர் ஆற்றோரம் இருக்கும் எங்கள் மீனவக் கிராமம் நெட்டுக்குப்பத்தை வரைந்தேன். அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் மந்திரவாதிகளின் கோபுரங்களாயின. கழுத்துவரை தண்ணீரில் மூழ்கும்படி குந்தி, ஓலையில் பின்னிய பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, இரண்டு கைகளாலும் அடிச்சேற்றைத் துழாவும் ஒரு பெண்ணை அந்நாட்டுக்கு ராணியாக்கினேன்.

"கூடையப் போய் யாராவது வாயில கவ்வுவாங்களா? நம்புற மாதிரியே இல்லையே," என்றார் எங்கள் குழுத்தலைவர்.

எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. பக்கத்துத் திரையில் மூன்று தலை டிராகன் ஒன்று நெருப்பைக் கக்கிக்கொண்டிருந்தது.

"அதை நம்புவீங்க, இதை நம்ப மாட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு, கைபேசியில் இருந்த வீடியோவை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். எண்ணூர் ஆற்றில் என் அம்மா இறால் தடவிப் பிடித்துக்கொண்டிருந்தாள். வாயில் பறி. பிடித்ததை அதில் போட்டுவிட்டுக் கைகள் உடனே தண்ணீருக்குள் போய்விடும். அதன்பிறகு அந்த ராணியின் மேல் யாரும் கை வைக்கவில்லை.

விளையாட்டு வெளியானதும் அம்மாவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

"இன்னாடி, எனுக்குக் கிரீடமெல்லாம் வச்சிகீற?"

"நீதாம்மா அங்க ராணி."

"அது எனுக்குத் தெரியும். உங்க ஆபீசுக்கு இப்பதான் தெரிஞ்சுதா?"