ஆறு வருஷத்து ஆபரேஷன்

எங்கள் கம்பெனியில் அவரைச் சாவி என்றுதான் கூப்பிடுவோம். லிஃப்ட் மெக்கானிக் என்பதால் வந்த பெயர் என்று வெளியாட்கள் நினைத்துக்கொள்வார்கள். காரணம் வேறு. சாவி கொடுத்தால் ஓடும் பழைய தகர ரயில்களை அவர் சேர்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது மாடியில் இரண்டே அறை கொண்ட வீடு. கழற்றிப்போட்ட லிஃப்ட் கேபின் தகடுகளை வளைத்துக் கூடத்தில் அலமாரி செய்திருந்தார். அதில் வரிசையாக எஞ்சின்களும் பெட்டிகளும் நிற்கும். அவர் மனைவி சொல்வார்: "ரயில்வே ஸ்டேஷன்ல குடியிருக்கோம். டிக்கெட் மட்டும்தான் இன்னும் எடுக்கல."

அவரும் நானும் பதினான்கு வருஷம் ஒரே ஜோடியாக வேலை பார்த்தோம். அவர் மேலே மெஷின் ரூமில் இருந்தால் நான் கீழே லிஃப்டுக்கு அடியில் உள்ள குழியில் இருப்பேன். என் உயிர் அவர் கையில், அவர் உயிர் என் கையில். வேலையில் ஒருநாளும் அவர் பொய் சொன்னதில்லை. கயிற்றில் ஒரே ஒரு இழை அறுந்திருந்தாலும் 'பழுது' என்ற பலகையைத் தொங்கவிட்டு லிஃப்டை நிறுத்திவிடுவார். கட்டட முதலாளி காலில் விழாத குறையாகக் கெஞ்சினாலும் மசிய மாட்டார். அப்படிப்பட்ட மனிதர் போனைக் கையில் எடுத்ததும் வேறு ஆளாகிவிடுவார்.

பழைய சாமான் விற்கும் ஆப் ஒன்று உண்டு. யாராவது பரணை ஒழித்து ஒரு தகர ரயிலைப் படம் பிடித்துப் போட்டால் போதும், ஊரில் உள்ள பத்துப் பன்னிரண்டு சேகரிப்பாளர்களும் அடுத்த நிமிஷமே பாய்ந்துவிடுவார்கள். இவர்களுக்கென்று ஒரு குரூப்பும் இருந்தது. அதில் வாத்தியார் என்று ஒருவர். ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர். யாராவது நல்ல ரயிலைப் போட்டால், 'இது போலி, பெயின்ட் புதுசு' என்று எல்லாரும் பார்க்கும்படி கீழே எழுதுவார். விற்கிறவர் பயந்துபோய் விலையைக் குறைத்ததும், சத்தமில்லாமல் அவரே போய் வாங்கி வந்துவிடுவார். இன்னொருவர் மூன்று பொய்ப் பெயர்களில் அடிமாட்டு விலை கேட்பார். விற்கிறவர் மனம் நொந்து உட்கார்ந்திருக்கும்போது, நான்காவதாகச் சொந்தப் பெயரில் கொஞ்சம் கூட்டிக் கேட்டு நல்லவராகிவிடுவார். பல் டாக்டர் ஒருவர் இருந்தார். அவருக்கு எந்தத் தந்திரமும் தேவைப்படவில்லை. கேட்ட விலையைக் கொடுப்பார். அதனாலேயே சாவிக்கு அவரைக் கண்டால் ஆகாது. "காசுத் திமிரு" என்பார்.

சாவியிடம் காசும் இல்லை, வாத்தியாரின் துணிச்சலும் இல்லை. அவருடைய தந்திரம் தானாக வந்து சேர்ந்தது.

மகளுக்கு ஒன்பது வயதிருக்கும்போது குடல்வால் ஆபரேஷன் நடந்தது. அன்றைக்கென்று பார்த்து ஒரு நல்ல ரயில் விற்பனைக்கு வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்தபடி, 'மகளுக்கு ஆபரேஷன், இப்போ வர முடியல, எனக்காகக் கொஞ்சம் வச்சிருங்க' என்று எழுதினார். அத்தனையும் உண்மை. விற்பவர் காத்திருந்தார். போனபோது விலையில் பாதியைக் குறைத்து, "பாப்பாவுக்கு என் சார்பா குடுங்க" என்றார்.

மகள் பத்தே நாளில் எழுந்து பள்ளிக்கூடம் போய்விட்டாள். ஆனால் அப்பாவின் போனில் அவள் ஆறு வருஷம் படுக்கையிலேயே கிடந்தாள். ஒருவருக்கு எழுதியபோது அவளுக்கு நுரையீரலில் நீர். இன்னொருவருக்கு எழுதியபோது எலும்பில் கோளாறு. எனக்கும் இது தெரியும். ஒருநாள் மெஷின் ரூமில் எட்டிப் பார்த்தபோது, 'வாரம் ரெண்டு தடவை டயாலிசிஸ்' என்று எழுதிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, பாப்பா நேத்து ஓட்டப் பந்தயத்துல ரெண்டாவது வந்தான்னு சொன்னீங்களே?"

"அது வேற பாப்பாடா" என்று சிரித்தார். "விடு. அவங்களுக்கும் நல்லது பண்ணின திருப்தி, எனக்கும் ரயில். யாருக்கு என்ன நஷ்டம்?"

நானும் சிரித்தேன். அதை இப்போது மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

பிறகுதான் அந்தப் பச்சை எஞ்சின் வந்தது. ஆறு பெட்டிகள், தண்டவாளம், சாவி, அட்டைப் பெட்டி எல்லாம் முழுசாக இருந்தன. விற்றது ரொட்டிக்கடையில் மாவு பிசைகிற ஓர் அம்மா. அறுபது வயதைத் தாண்டியவர், தனிக்கட்டை. அண்ணன் இறந்துபோக, அவரோடு இருந்த வீட்டைக் காலி செய்து சின்ன அறைக்கு மாற வேண்டிய நிலைமை. அண்ணன் சின்ன வயதில் விளையாடிய ரயில் அது. பல் டாக்டர் முதலிலேயே நல்ல விலை சொல்லியிருந்தார். சாவி வழக்கமானதை எழுதினார். அந்த அம்மா எழுத்தோடு நிற்கவில்லை, போன் செய்துவிட்டார்.

"பொண்ணுக்கு என்ன தம்பி?"

"இதயத்துல ஓட்டைம்மா."

 "நாளைக்கு வந்து எடுத்துட்டுப் போ" என்றார் அந்த அம்மா.

மறுநாள் போனபோது ரயிலை மாவு மூட்டைத் துணியில் சுற்றி வைத்திருந்தாராம். இவர் சொன்ன விலையைக்கூட முழுதாக வாங்கவில்லை. "விளையாடிட்டு எப்படி இருக்குன்னு போன் பண்ணச் சொல்லு" என்று மட்டும் கேட்டாராம். அன்று சாவி ராஜா மாதிரி வேலைக்கு வந்தார். பல் டாக்டரைத் தோற்கடித்துவிட்டாராம்!

இரண்டு மாதம் போனது. ஒருநாள் காலை போனைச் சார்ஜில் போட்டுவிட்டு மறந்து வந்துவிட்டார். வீட்டில் மகள் மட்டும் இருந்தாள். பதினைந்து வயது. போன் அடித்தது, எடுத்தாள். பிறகு நடந்ததை அவளே அப்பாவிடம் சொல்ல, அவர் என்னிடம் சொன்னார்.

"தம்பி இல்லையா? நீ யாரும்மா?"

"அவரோட பொண்ணு."

"நீதானா! எழுந்து போனெல்லாம் எடுக்கிறியா? ஆபரேஷன் முடிஞ்சுதா கண்ணு? பேசினா மூச்சு வாங்குதா? வாங்கினா வச்சிடு."

பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் அந்தக் குரலில் இருந்த பதற்றம் புரிந்திருக்கிறது. "முடிஞ்சுது பாட்டி. நல்லா இருக்கேன்" என்று சொல்லிவிட்டாள். அந்த அம்மா அழுதுவிட்டாராம். "மாவு பிசையுறப்போ தினமும் உன்னை நினைச்சுக்குவேன்" என்றாராம்.

போனை வைத்த பிறகு மகள் அப்பாவின் ஆப்பைத் திறந்தாள். ஆறு வருஷத்து உரையாடல்களை ஒன்று விடாமல் படித்தாள்.

சாயங்காலம் சாவி வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா, எனக்கு என்ன நோய்னு ஒழுங்கா சொல்லுங்க. இதயமா, கிட்னியா? ஒருத்தருக்குக் கால் வராதுன்னு எழுதியிருக்கீங்க. இனிமே யாராவது போன் பண்ணினா நானும் அதையே சொல்லணும்ல? யாருக்கு எதுன்னு எழுதிக்கிறேன்."

இவர் தோளில் இருந்த டூல் பையை இறக்கி வைத்தார்.

"மா, அது வந்து… சும்மா ஒரு பேச்சுக்கு…"

"அந்தப் பாட்டி அழுதாங்கப்பா."

சமையலறையிலிருந்து மனைவி வந்தார். விஷயத்தைக் கேட்டதும் கத்தவில்லை. மகளின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார், காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பது போல. பிறகு கணவரிடம், "பெத்த வாயால எப்படிங்க வந்தது?" என்று கேட்டார். அவ்வளவுதான். 

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் ரயிலைத் திருப்பிக் கொடுக்கப் போனார். தனியாகப் போகத் தைரியமில்லாமல் என்னையும் அழைத்துப் போனார். அந்த அம்மா அப்போது புது அறைக்கு மாறியிருந்தார். ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், சுவரோரம் பிரிக்காத மூட்டைகள். சாவி எல்லாவற்றையும் வாசலில் நின்றே சொன்னார்.

அந்த அம்மா முதலில் கேட்டது, "அப்ப பொண்ணுக்கு ஒண்ணுமே இல்லையா? நிஜமாவா?"

"ஒண்ணுமே இல்லம்மா. நல்லா ஓடியாடித் திரியுறா."

அவர் கட்டிலில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்த நிம்மதியைப் பார்த்ததும், மன்னித்துவிட்டார் என்றே நான் நினைத்தேன். பிறகு தலை நிமிர்ந்தார்.

"அந்தப் பல் டாக்டர் விலையை ஏத்திக்கிட்டே போனார். உன் பொண்ணைப் பத்தி அவர்கிட்ட சொன்னேன். அப்படின்னா அவருக்கே குடுத்துடுங்கம்மா, நான் கேட்டதை மறந்துடுங்கன்னு போனை வச்சுட்டார். அந்தப் பணம் கிடைச்சிருந்தா அட்வான்ஸ் குடுத்து இதைவிட நல்ல அறைக்குப் போயிருப்பேன். அதை விடு. என் அண்ணன் பொருள் ஒரு குழந்தையைச் சிரிக்க வைக்குதுன்னு நினைச்சுத்தான் இந்த ரெண்டு மாசத்தை ஓட்டினேன். அதையும் வந்து எடுத்துட்டுப் போயிட்டியே தம்பி."

சாவி குனிந்து அவர் காலைத் தொடப் போனார். "ரயிலை வச்சிட்டுக் கிளம்பு. இங்க நிக்காதே" என்றார் அந்த அம்மா. ரயிலுக்கு வாங்கிய பணத்தை அவர் திருப்பி நீட்டியபோது சாவி வாங்கிக்கொள்ளவில்லை.

 மறுநாள் சாவி பல் டாக்டரின் கிளினிக்குக்குப் போய், நோயாளிகளோடு நோயாளியாக முறை வரும்வரை காத்திருந்தார். டாக்டர் நாற்காலியைக் காட்டி, "எந்தப் பல்?" என்று கேட்டார். இவர் நின்றபடியே விஷயத்தைச் சொன்னார்.

டாக்டர் கையுறையை மெதுவாகக் கழற்றினாராம். "மூணு தடவை உங்களுக்காக விட்டுக்கொடுத்திருக்கேன் சார். யார் யாரோ சொல்லிக் கேள்விப்பட்டேன், உங்க பொண்ணு முடியாம இருக்கான்னு. உங்ககிட்ட எப்படிக் கேக்குறதுன்னு தெரியாமத்தான் இருந்தேன்." கையுறையைக் குப்பையில் போட்டுவிட்டு, "வெளியில ஆளுங்க காத்திருக்காங்க" என்றாராம்.

அந்த வாரமே சாவி குரூப்பில் எல்லாவற்றையும் எழுதிவிட்டு வெளியேறினார். அதன்பின் ஒவ்வொரு விற்பனையாளராகத் தேடி எழுதினார். பலர் பதில் போடவில்லை. ஒருவர் வாய்க்கு வந்தபடி திட்டினார். ஏழு பேர் ரயிலைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். வாத்தியார் மட்டும் போனில் கூப்பிட்டார்.

"எதுக்குய்யா ஊரைக் கூட்டிச் சொன்னே? இனிமே நிஜமாவே வீட்டுல நோயாளி இருக்கிறவன் வந்து கேட்டாக்கூட ஒருத்தனும் நம்ப மாட்டான்."

விற்கிறவர்கள் உஷாராகித் தன் தந்திரமும் பலிக்காமல் போய்விடுமோ என்ற ஆத்திரத்தில் வாத்தியார் சொன்னதுதான். ஆனாலும் அதில் பொய்யில்லை என்பதை நினைத்துச் சாவி பல நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பல் டாக்டர் அதன்பின் யாரிடமும் விலை கேட்பதையே விட்டுவிட்டார். அந்த அம்மா மறுபடி விற்கப் போட்ட பச்சை எஞ்சினை அதே வாத்தியார்தான், 'பெயின்ட் புதுசு' என்று எழுதி, அவரிடமிருந்து அற்ப விலைக்கு வாங்கிப் போனார். எங்களுக்குத் தெரியவந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

மகள் மூன்று மாதம் அப்பாவோடு தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கிடையில் அவளே அந்த அம்மாவுக்குப் போன் செய்திருக்கிறாள். என்ன பேசினார்களோ தெரியாது. இப்போது மாதத்துக்கு ஒருமுறை அவரைப் பார்க்கப் போகிறாள். சாவிதான் வண்டியில் கொண்டுபோய்த் தெருமுனையில் இறக்கிவிடுவார். உள்ளே வரச் சொல்லி அந்த அம்மா இதுவரை கூப்பிட்டதில்லை. மூடிய தையல் கடை ஒன்றின் முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு, ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ அங்கேயே நிற்பார்.

"அப்படி என்னதான்மா பேசுவீங்க?" என்று ஒருமுறை கேட்டாராம்.

"அது எங்க விஷயம்பா. வண்டியை எடுங்க" என்றாளாம் மகள்.