அண்ணிக்குப் பழகிய கல்

பதுளையில் நான் குடியிருக்கும் அறையின் ஜன்னலோரம் ஒரு தோசைக்கல் சாத்தியிருக்கிறது. கறுத்து, லேசாக எண்ணெய் மினுங்கும் கல். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்னொரு கல் நினைவுக்கு வரும், கூடவே அண்ணியும்.

அண்ணனைக் கட்டிக்கொண்டு பூனாகலைப் பக்கமிருந்து தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டுக்கு அண்ணி வந்தபோது, அவள் சீரோடு ஒரு புது வார்ப்பிரும்புத் தோசைக்கல்லும் வந்தது. நான் அப்போது உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் அவ்வளவு தூரம் படித்த முதல் ஆள் நான்தான். அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தாலே, "நீ போய்ப் படி சாமி" என்று அம்மா அனுப்பிவிடுவாள். அதை அன்பு என்றுதான் நினைத்திருந்தேன், அண்ணி வரும்வரை.

மலையில் கொழுந்தெடுத்துத் திரும்பியதும் அம்மாவும் அண்ணியும் அந்தக் கல்லோடு உட்கார்ந்துவிடுவார்கள். சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்து, வடிகஞ்சியில் ஊறவைப்பார்கள். மறுநாள் கழுவி, அடுப்பில் ஈரம் போகக் காயவைத்து, எண்ணெய் தடவி, புகை கிளம்பியதும் பாதி வெங்காயத்தால் தேய்ப்பார்கள். ஆறினால் மறுபடியும் எண்ணெய். வெங்காயம் கருகும் வாசம் என் புத்தகம்வரை வரும். பின்னாலேயே அவர்கள் சிரிப்பும் வரும். என்னோடு அம்மா அப்படிச் சிரித்ததே இல்லை. என்னிடம் பேசும்போது, ஏதோ வாத்தியாரிடம் பேசுவதுபோல அவள் குரல் ஒடுங்கிவிடும்.

முதல் தோசை ஒட்டிக்கொண்டது. அடுத்ததும் பிய்ந்தது. அம்மா திட்டப்போகிறாள் என்று உள்ளூரச் சந்தோஷத்தோடு காத்திருந்தேன். அவளோ பிய்ந்ததை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "கல்லும் புதுசு, நீயும் புதுசு. பழகட்டும் புள்ள" என்றாள்.

"கல்லு பழகிரும் அத்தை. ஒங்க சின்ன மகன்தான் மொகங்குடுத்தே பேச மாட்டேங்கிறாரு" என்றாள் அண்ணி. அதற்கும் ஒரு சிரிப்பு.

எனக்கு ஆசிரியர் வேலை கிடைத்துப் பதுளைக்கு வந்த பிறகு, அம்மாவை எத்தனையோ முறை கூப்பிட்டுப் பார்த்தேன். ஏதாவது சாக்குச் சொல்வாள். போன மாதம் கடைவீதியில் புதுக் கல் ஒன்றைக் கண்டதும் வாங்கிவிட்டு, எனக்குப் பழக்கத் தெரியாது என்று போன் செய்தேன். அடுத்த பஸ்ஸிலேயே வந்துவிட்டாள்.

அந்த நாட்களில் அவள் என்னைப் படிக்கச் சொல்லவில்லை. வடிகஞ்சியை நான் ஊற்றினேன். வெங்காயத்தை நான்தான் பிடித்துத் தேய்த்தேன். விரலைச் சுட்டுக்கொண்டபோது, "பேனா புடிச்ச கை" என்று கேலி செய்தாள். இந்தக் கல் மெதுவாகவே பழகட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். ஆனால் முதல் தோசையே ஒட்டாமல் முழுசாக எழுந்து வந்தது.

அம்மா என் போனை வாங்கி அண்ணியைக் கூப்பிட்டாள். "ஒட்டவேயில்ல புள்ள" என்று சொல்லிச் சிரித்தாள். லயத்தில் கேட்ட அதே சிரிப்பு. தோசைத் தட்டோடு நான் நின்றுகொண்டிருந்தேன்.

"கல்லு பழகிருச்சு சாமி. அங்க புள்ள ஒத்தையில கெடந்து அல்லாடும்" என்று மறுநாள் காலையிலேயே பையைத் தூக்கிவிட்டாள். படியிறங்கும்போது திரும்பி, சவர்க்காரம் போட்டு மட்டும் கழுவிவிடாதே, பழக்கினதெல்லாம் போய்விடும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றாள்.

கல் ஜன்னலோரம் இருக்கிறது. சவர்க்காரத்தை அதன் பக்கத்தில்தான் வைத்திருக்கிறேன்.