எண்ணெய்க்கு அடியில் இருந்த விளிம்பு

லூர்துராஜ் அண்ணன் இறந்த செய்தியை அவர் மகள்தான் தொலைபேசியில் சொன்னாள். “அத்தை, அப்பா போயிட்டாங்க. கேஸ் அணைச்சாச்சான்னு கேட்டாங்க. அணைச்சாச்சுப்பான்னேன். எதுக்கும் ஒருக்கா போய்ப் பாத்துட்டு வாம்மான்னாங்க. பாத்துட்டு வந்தா, மூச்சு இல்ல.” அழுகைக்கு நடுவே அவளும் நானும் சிரித்துவிட்டோம்.

அந்தமானில், ஃபீனிக்ஸ் பே படகுத்துறையில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இராது. சாத்தம் ஜெட்டியில் படகு ஏறுமுன், அதைக் கட்டியிருக்கும் கயிற்றைக் காலால் மிதித்துப் பார்ப்பார். “ஏறும் ஓய், அந்தப் பக்கம் பொண்ணுக்குத் தாலி கட்டி முடிச்சிருவாங்க” என்று பின்னால் நிற்பவர்கள் இடித்தாலும் நகரமாட்டார். பயந்தாங்கொள்ளி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அறுபதுகளின் ஒரு மழைக்காலத்தில் அந்த எண்ணம் மாறியது.

என் கணவர் அருளப்பன் அப்போது தீவுகளுக்கிடையே ஓடும் ஒரு படகில் இன்ஜின் டிரைவர். இன்ஜினைக் குளிர்விக்கக் கடல்நீரை இழுக்கும் பம்பின் தண்டு தேய்ந்துபோனது. ஒரு சிறு பட்டறையில் புதிதாகக் கடைந்தார்கள். அந்தத் தண்டு ஒரு ரப்பர் வளையத்துக்குள் நுழைய வேண்டும். தண்டின் நுனி கூராக இருந்தால் நுழையும்போதே ரப்பரைக் கீறிவிடும். அதற்காக விளிம்பைச் சற்றே சரிவாகச் சீவுவார்கள். பட்டறையில் அதைச் ‘சேம்பர்’ என்பார்கள். அரை மில்லிமீட்டர்கூட இராது. கீறல் ஜெட்டியில் தெரியாது. நடுக்கடலில் நீர் கசிந்து இன்ஜின் நிற்கும்போதுதான் தெரியும். முந்தைய மாதம் அப்படி நின்று, ஓரிரவு முழுவதும் அவர்கள் அலையில் கிடந்தார்கள். கையிலிருந்ததோ ஒரே ஒரு வளையம். அடுத்தது மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வர வேண்டும்.

தண்டைப் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டியவர் அண்ணன். நகத்தால் தடவிப் பார்த்தும் மனம் ஒப்பாமல், அதைத் துணியில் சுற்றி, நான் அறிவியல் பாடம் நடத்திய பள்ளிக்கே கொண்டுவந்தார். எங்கள் சோதனைக்கூடத்தில் நகரும் நுண்ணோக்கி ஒன்று இருந்தது. பக்கவாட்டிலும் மேலும் கீழும் நகர்த்தி, ஒரு புள்ளிக்கும் இன்னொரு புள்ளிக்கும் உள்ள தொலைவை அதில் அளக்கலாம். நான் மூன்று முறை அளந்தேன். மூன்றும் ஒன்றே. சரிவு வேண்டிய அளவில் இருந்தது.

வாசலில் என் கணவர் குடையோடு நின்றார். “முடிஞ்சுதா? கடல்ல வெள்ளம் வத்துறதுக்குள்ள படகு எடுக்கணும். ஜல்தி கரோ ஓய்! நீரு சேம்பரப் பாக்கீரா, சொர்க்கத்தப் பாக்கீரா?”

“கொஞ்சம் பொறும் மச்சான். தங்கச்சி, இன்னொரு தடவ அளந்திருவமா?”

எனக்குக் கோபம் வந்தது. “என் அளவில் தப்பு இருக்காது அண்ணே.”

“அளவு சரிதான். மூணு தடவையும் ஒண்ணையே அளந்திருக்கோம்லா, அது என்னதுன்னுதான் பயமா இருக்கு.”

நான்காம் முறை கண்ணை வைத்தேன். நுண்ணோக்கிக்குள் தெரியும் குறுக்குக் கம்பி நின்ற இடத்திலேயே நின்றது, தண்டின் விளிம்பு விலகியிருந்தது. யாரும் எதையும் தொடவில்லை. அவரும் குனிந்து பார்த்தார். “என்ன தங்கச்சி, இரும்பு உருகுது?”

உருகியது இரும்பல்ல. அளப்பதற்காக அருகில் வைத்திருந்த விளக்கின் சூட்டில், தண்டின் மேலிருந்த எண்ணெய் இளகி வழிந்துகொண்டிருந்தது. இந்த உப்புக்காற்றில் கடைந்த இரும்பை யாரும் வெறுமையாக வைப்பதில்லை. கையோடு எண்ணெய் பூசிவிடுவோம். எங்களுக்கு இரும்பென்றால் எண்ணெய் பூசிய இரும்புதான். அதைத் துடைத்துவிட்டு அளக்க வேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துப் பார்த்தோம். சரிவின் ஓரத்தில், கடைசலில் எழுந்த ஒரு பிசிறு மயிரிழைபோல் நிமிர்ந்து நின்றது. அதன் பின்னால் தேங்கிய எண்ணெயைத்தான் நாங்கள் சரிவு என்று அளந்திருந்தோம்.

அண்ணன் தண்டைத் துணியில் சுற்றிக்கொண்டு எழுந்தார். “இன்னைக்குப் படகு போகாது மச்சான்.”

என் கணவர் கத்தினார். ஜெட்டியில் காத்திருந்த பயணிகள் மூன்று மொழிகளில் திட்டினார்கள். அண்ணன் முகம் வெளிறியிருந்தது. ஆனால் வளையத்தை அவர் கையை விட்டுக் கொடுக்கவில்லை. மெல்லிய சாணைக்கல்லில் தேய்த்து, துடைத்து, மறுபடி என்னிடம் கொண்டுவந்து அளந்த பிறகே தண்டைப் பொருத்த விட்டார். மறுநாள் படகு போயிற்று. அது திரும்பும்வரை நான் உறங்கவில்லை. அண்ணனும் உறங்கவில்லை என்று அவர் மனைவி சொன்னார்.

திரும்பி வந்த என் கணவர் கேலி செய்தார்: “ஒண்ணும் ஆகலயே, பாத்தீரா!”

“ஒண்ணும் ஆகாம இருக்கத்தான மச்சான் இத்தன பாடும்” என்றார் அண்ணன்.

அருளப்பன் பல ஆண்டுகள் கழித்து, வண்டூர் வீட்டில், எங்கள் கட்டிலில், என் கையைப் பிடித்தபடி இறந்தார். கடலுக்குப் போகிறவர்களின் மனைவியரில் எத்தனை பேருக்கு அது வாய்க்கும்? அந்தப் பிசிறை அன்று காணாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று என்னால் நிரூபிக்க முடியாது. நிரூபிக்க முடியாததை நான் வகுப்பில் ஒருநாளும் சொன்னதில்லை. இங்கே சொல்கிறேன். கடைசிவரை என் கைக்குள் இருந்த அந்தக் கையின் சூடு, லூர்துராஜ் அண்ணன் எனக்குத் தந்தது. அதை வைத்திருக்கிறேன்.