நூற்று நாலரை டிகிரி

பதினோரு மணி இருபது நிமிடம். கெமிஸ்ட்ரி மிஸ் கரும்பலகைக்கான பெரிய மரக் கோணமானியை ஆணியிலிருந்து கழற்றினார். ஆவடியில், பாதுகாப்புத் தொழிற்சாலைக் குடியிருப்பை ஒட்டிய பெண்கள் பள்ளி, எண்பதுகளின் கடைசி, நாங்கள் பிளஸ் ஒன். கோணமானி ஆணியை விட்டு இறங்கினால், அன்று ஒருத்தி தண்ணீர் ஆகப்போகிறாள் என்று பொருள்.

அது மிஸ்ஸின் வழக்கம். நீர் மூலக்கூறை நேர்க்கோடாக வரைந்தவள் முன்னால் வந்து ஆக்சிஜனாக நிற்க வேண்டும். இரண்டு பேர் ஹைட்ரஜன்களாக அவளுடைய விரித்த கைகளின் நுனியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எலக்ட்ரானைப் பங்கிட்டுக்கொள்வதுதான் சகப்பிணைப்பு, விட்டால் அது தண்ணீரே இல்லை என்பார். "பிடிக்கலாம். தாங்கக் கூடாது." பிணைப்பில் சேராத இரண்டு எலக்ட்ரான் இணைகள் தள்ளுவதால்தான் மூலக்கூறு வளைகிறது என்று சொல்லி, தோளுக்கு ஒன்றாகத் தடித்த ரெக்கார்டு நோட்டுகளை ஏற்றுவார். பிறகு கோணமானியை நெஞ்சோடு வைத்து அளப்பார். நூற்று நாலரை டிகிரி. கை தாழ்ந்தால் அந்த மரத்தின் விளிம்பு மணிக்கட்டில் இறங்கும்.

அன்று நின்றவள் என் பெஞ்சுத் தோழி. அவள் என் நோட்டைப் பார்த்துத்தான் நேர்க்கோடாக வரைந்திருந்தாள். நான் கடைசி நேரத்தில் புத்தகத்தைப் பார்த்து என்னுடையதை அழித்துத் திருத்திக்கொண்டேன். அவளிடம் சொல்ல மறந்தேன். மிஸ் என்னையே ஒரு ஹைட்ரஜனாக நிறுத்தினார். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் உட்கார்ந்துவிடலாம். அவள் இடத்தில் நான் நிற்க வேண்டியிருக்கும். அவள் விரல்கள் என் விரல்களை அழுத்திக் கேட்டுக்கொண்டே இருந்தன.

முதல் அடி, இரண்டாவது அடி. அவள் உதடு வெளுத்துவிட்டது.

"மிஸ்... கொஞ்சம் தண்ணி."

"நீயே தண்ணிதானேடி. உனக்கு எதுக்குத் தண்ணி?"

வகுப்பு சிரித்தது. "தண்ணிக்கே தாகமாகீதாம்டி!" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல். நானும் சிரித்தேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அதன் பிறகு விரல்கள் அழுத்தவில்லை. சற்று நேரத்தில் நோட்டுகள் சரிந்தன. மிஸ் அடிக்க ஓங்கிய கோணமானியையும் தட்டிக்கொண்டு அவள் முகம் குப்புற விழுந்தாள். நான் பிடித்துத்தான் இருந்தேன். தாங்கவில்லை.

போன வாரம் என் மகள் சாப்பாட்டு மேசையில் நீர் மூலக்கூறு வரைந்தாள், நேர்க்கோடாக. ரப்பரை அவள் பக்கம் நகர்த்தினேன். பள்ளியில் என்ன நடந்தாலும் என்னிடம் சொல்லிவிடு என்று தினமும் அவளை நச்சரிக்கிறேன். "சொன்னா நீ இன்னாம்மா செய்வ?" என்று அன்று கேட்டாள். என் தோழிக்காகவும் ஒருவர் வந்தார், அவள் விழுந்த அன்று.

பியூன் தொழிற்சாலை வாசலுக்குப் போய்ச் சொல்ல, மதியச் சங்கு ஊதிய பிறகு அவளுடைய அப்பா வந்தார். லேத்தில் கடைசல் வேலை பார்ப்பவர், திருநெல்வேலிப் பக்கம். காக்கிச் சட்டை முழுக்க எண்ணெய். செருப்பை வகுப்பு வாசலிலேயே விட்டார். பையைத் தலைக்கு வைத்துத் தரையில் கிடந்தவள், அவரைக் கண்டதும் வீங்கிய மணிக்கட்டைத் தூக்கிக் காட்டி, "அப்பா" என்றாள். எனக்கும் உயிர் வந்தது. இனி அவர் மிஸ்ஸைக் கேட்பார் என்று நினைத்தேன்.

அவர் குனிந்தார். அவள் பக்கத்தில் கிடந்த கோணமானியை எடுத்தார். சட்டை நுனியால் தூசி துடைத்து, இரண்டு கையாலும் மிஸ்ஸிடம் நீட்டினார்.

"கோவிச்சுக்கிடாதீங்க டீச்சர். நாளைக்கு ஒழுங்கா நிப்பா."