எட்மேயின் பெயர் பொறித்த கடிகாரம்

எங்கள் கடிகாரக் கம்பெனியில் ஓய்வு பெறும் ஆணுக்குப் பாக்கெட் கடிகாரம் கொடுப்பார்கள். பின்மூடியில் அவன் பெயரும் வேலை பார்த்த வருஷங்களும் அழகாகப் பொறித்திருக்கும். பெண்ணுக்குக் கிடைப்பது சீஸ் உருக்கும் சட்டி. சிவப்பு எனாமல் பூசிய இரும்புச் சட்டி, பெயரும் கிடையாது ஒன்றும் கிடையாது. எனக்குக் கொடுத்த சட்டியில் நான் பூச்செடி வைத்தேன். அடியில் ஓட்டை இல்லாததால் அதுவும் அழுகிச் செத்தது.

எட்மே பெர்னூ என்னைப் போல வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவள் இல்லை. அவளுடைய பிரிவு உபசார விருந்தில், எல்லோரும் ஒயின் கிளாஸைத் தூக்கிய நேரத்தில், சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"என் கடிகாரம் எங்க, முசியே?"

கம்பெனி இயக்குநர் துக்கோமன் சிரித்தார். "அத வெச்சுக்க வெயிஸ்ட்கோட் பாக்கெட் வேணுமே, மதாம் பெர்னூ. உங்க கவுன்ல பாக்கெட் எங்க இருக்கு?"

ஆண்கள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். எனக்கு வந்த கோபம் இன்றுவரை ஆறவில்லை. சுவிட்சர்லாந்தின் லெ லோக்கில் ஊரில் அந்தத் தொழிற்சாலையின் ஜன்னலோரம் எட்மேயும் நானும் முப்பது வருஷத்துக்கு மேல் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள். தலைமுடியை விட மெல்லிய சுருள்வில்லைக் கடிகாரத்துக்குள் பொருத்தி, அது முந்தாமலும் பிந்தாமலும் ஓடும்படி சரி செய்வது எங்கள் வேலை. அதற்குப் பெண்களைத்தான் வைப்பார்கள். விருந்தில் சிரித்த அத்தனை பேர் பாக்கெட்டிலும் ஓடிக்கொண்டிருந்தது எங்கள் கை பட்ட கடிகாரம். வந்து போகும் வாசல்கூட எங்களுக்குப் பின்பக்கம்தான். முன்வாசல் அலுவலகத்தாருக்கும் விருந்தாளிகளுக்கும்.

அதற்குப் பிறகுதான் எட்மே கடிகாரம் சேர்க்க ஆரம்பித்தாள். கிழவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர, அவர்கள் பிள்ளைகள் அந்தப் பரிசுக் கடிகாரங்களைச் சனிக்கிழமைச் சந்தையில், உடைந்த கரண்டிகளுக்கு நடுவே கொண்டுவந்து கொட்டினார்கள். வாங்குகிற வியாபாரிகள் முதல் வேலையாகப் பின்மூடியைத் தேய்த்துப் பெயரை அழித்துவிடுவார்கள். அடுத்தவன் பெயர் இருந்தால் விலை போகாதாம். எட்மே அவர்களுக்கு முன்னால் போய் நிற்பாள். சில சமயம் பாலிஷ் போடுகிறவன் கையிலிருந்தே பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"ஏண்டி, அந்தத் தடியன்களோட பேரையெல்லாம் நீ எதுக்குக் காப்பாத்தற? உன்னப் பாத்துச் சிரிச்சவனுங்க!" என்று கேட்டேன்.

"சிரிச்சதுக்கு அவனத் திட்டறேன், லிலியான். அதுக்காக அவன் உழைச்சது இல்லன்னு ஆயிடுமா? பேர அழிக்கறவன் எவனா இருந்தாலும் எனக்கு ஆகாது."

சமையலறை மேசையில்தான் அவளுடைய பட்டறை. ஒரு கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு, கடிகாரத்தைத் திருகு திருகாகப் பிரித்து, பென்சீனில் கழுவி, ஒடிந்த அச்சுக்குப் புது அச்சு கடைந்து போட்டு, மறுபடி பூட்டுவாள். முகப்பில் விரிசல் இருந்தால் அப்படியே விட்டுவிடுவாள். "அது விழுந்த அடி, என் மூஞ்சியில இருக்கற சுருக்கம் மாதிரி. அத எதுக்கு மறைக்கணும்?" என்பாள். நான் போகிறபோதெல்லாம் ரொட்டியையும் சாஸேஜையும் மடியில் வைத்துத்தான் தின்ன வேண்டியிருக்கும். மேசையில் எதையாவது வைத்தால் கையில் அடி விழும்.

கடைசியில் தனக்கென்று ஒன்று செய்தாள். எங்கள் கம்பெனிக் கடிகாரம்தான், அவள் வேலைக்குச் சேர்ந்த வருஷத்தில் செய்தது. உள்ளே பாதி துருப்பிடித்து, மேல்கூடே இல்லாமல் ஒரு தகர டப்பாவில் கிடந்தது. இரண்டு குளிர்காலம் அதோடு மல்லுக்கட்டி, வேறொரு கூடு தேடிப் பொருத்தி, ஓட வைத்தாள். கம்பெனிக்குப் பெயர் பொறித்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஷார்ல்-ஆன்ரியிடம் கொண்டுபோய், ஆண்களுக்குப் போட்ட அதே எழுத்தில் தன் பெயரையும் வருஷங்களையும் பொறிக்கச் சொன்னாள். அவர் மறு பேச்சுப் பேசாமல் பொறித்துக் கொடுத்தார். அதைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். பாக்கெட் எதற்கு?

கம்பெனிக்கு நூறு வயது ஆனது. 'எங்கள் தொழிலாளர்களின் கடிகாரங்கள்' கண்காட்சி என்று ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டினார்கள். ஒட்டி முடித்த பிறகுதான் கம்பெனியிடம் அப்படி ஒரு கடிகாரம்கூட இல்லை என்பது அவர்கள் மண்டையில் உறைத்தது. எல்லாவற்றையும்தான் கொடுத்துத் தீர்த்தாயிற்றே! உயிரோடு இருந்த கிழவர்கள் தங்களுடையதைக் கழற்றித் தர மாட்டார்கள். மற்றதெல்லாம் எட்மே வீட்டு இழுப்பறையில்.

துக்கோமன் அவள் சமையலறைக்கே வந்தார். அன்று நானும் இருந்தேன். ஃபிளானல் துணியை விலக்கிக் காட்டினாள். வரிசையாகப் பெயர்கள். மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது. அதில் அவர் அப்பாவிடம் வேலை பார்த்தவர்களும் இருந்தார்கள்.

"எல்லாத்தையும் எடுத்துக்கங்க, வாடகை வேண்டாம்," என்றாள் எட்மே. "ஆனா இதையும் நடுவுல வைக்கணும்." கழுத்துச் சங்கிலியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

அவர் பின்மூடியைப் படித்தார். முகம் மாறியது.

"இது கம்பெனி குடுத்தது இல்லையே, மதாம்."

"ஓடறது உங்க மெஷின். உழைச்சது நான். இதுல எது பொய்?"

"பொய்னு சொல்லல. ஆனா கம்பெனி குடுத்தது மட்டும்தான் அந்தப் பெட்டிக்குள்ள இருக்கணும். அதுதான் விதி. வேணும்னா ஓரமா தனி மேசை போடறேன். 'ஒரு பெண்மணியின் பொழுதுபோக்கு'ன்னு ஒரு அட்டை எழுதி..."

எட்மே ஃபிளானல் துணியை இழுத்து மூடினாள். "கதவு அந்தப் பக்கம் இருக்கு, முசியே."

அவர் போன பிறகு கொஞ்ச நேரம் அவள் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "லிலியான், அந்தப் பூச்செடி வெச்ச சட்டிய இன்னும் வெச்சிருக்கியா?" என்று கேட்டாள்.

திறப்பு விழா அன்று கம்பெனி மண்டபத்தின் நடுவில் பெரிய கண்ணாடிப் பெட்டி. உள்ளே நீல வெல்வெட் விரித்து, விளக்குப் போட்டு, வைக்க ஒன்றும் இல்லாமல் நின்றது. துக்கோமன் கம்பெனியின் குடும்பப் பாசம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நாங்கள் முன்வாசல் வழியாக உள்ளே போனோம். எங்கள் அறையில் வேலை பார்த்த அத்தனை பெண்களும் ஆளுக்கொரு சட்டியோடு. ஒவ்வொரு சட்டியிலும் ஷார்ல்-ஆன்ரி எனாமலைச் சுரண்டிவிட்டு இரும்பில் பொறித்த பெயரும் வருஷங்களும். எட்மே பெட்டியின் கதவைத் திறந்து தன் சட்டியை நடுவில் வைத்தாள். நாங்கள் சுற்றி அடுக்கினோம்.

"என்ன இது?" என்றார் துக்கோமன்.

"கம்பெனி குடுத்தது, முசியே. சுத்தமான அசல். விதிப்படி இதுதான் உள்ள இருக்கணும்."

பிறகு கழுத்திலிருந்து கடிகாரத்தைக் கழற்றித் தன் சட்டிக்குள் வைத்தாள். இரும்புச் சட்டி அந்தச் சத்தத்தை வாங்கிப் பெரிதாக்கியது. மண்டபத்தில் டிக் டிக் என்று அது ஒன்றுதான் கேட்டது.

எங்கள் ஊர் ஆண்களுக்கு ஒரு பழக்கம். ஓடுகிற கடிகாரத்தின் சத்தம் காதில் விழுந்தால் கை தானாகப் பாக்கெட்டுக்குப் போகும். தங்களுடையதை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்காமல் இருக்க முடியாது. முன்வரிசைக் கிழவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து, கடிகாரத்தைக் கையில் பிடித்து, சட்டிக்குள் எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தர் திருகாணியைத் திருகித் தன் முள்ளை எட்மேயின் நேரத்துக்கு மாற்றி வைத்தார். அதைப் பார்த்த துக்கோமனின் கையும், அவரையறியாமல், வெயிஸ்ட்கோட் பாக்கெட்டுக்குள் போனது.

அவர் வெளியே எடுத்த கடிகாரத்தை எட்மே எட்டிப் பார்த்தாள். "ரெண்டு நிமிஷம் பின்னால போகுது, முசியே. குடுத்துட்டுப் போங்க, சரி பண்ணித் தரேன்."

அதற்கு மேல் யாரும் அந்தப் பெட்டியிலிருந்து எதையும் எடுக்கத் துணியவில்லை. பாக்கெட் கடிகாரத்துக்குத் தினமும் சாவி கொடுக்க வேண்டும். தன்னுடையதை எட்மே வேறு யாரையும் தொட விடமாட்டாள். நின்று போன கடிகாரத்தைக் கண்ணாடிக்குள் வைத்தால் லெ லோக்கில் ஊரே காறித் துப்பும். அதனால் கண்காட்சி முடியும்வரை தினமும் காலையில், அலுவலகம் திறக்கும் முன்னே எட்மே வந்ததும், துக்கோமன் தானே இறங்கி வந்து முன்வாசலைத் திறந்துவிட வேண்டியிருந்தது.