தேரன்று தொலைந்த ஓட்டச் சப்பாத்து

அடியார்களே, போன வருடம் எங்கள் அம்மன் கோயில் தேரன்று, பின்னேரம் ஒன்றரை மணிக்கு, விளையாட்டு மைதானமொன்றின் கார்த் தரிப்பிடத்தில் பட்டு வேட்டியோடு நின்று அழுத ஐம்பத்திரண்டு வயது ஆளை யாராவது கண்டிருந்தால், அது நான்தான். இருபது வருடமாக லண்டனில் மினிகாப் என்ற வாடகைக் கார் ஓட்டுகிறேன். எத்தனை பேரின் சாமானைப் பத்திரமாக இறக்கியிருப்பேன்! அன்று டிக்கியைத் திறந்தால் உள்ளே இரண்டு பெட்டி சர்க்கரைப் பொங்கல். சப்பாத்துப் பையைக் காணவில்லை.

பக்கத்தில் ஆமினாட்டா நின்றாள். எங்கள் வீட்டு மேலறையில் வாடகைக்கு இருப்பவள். சியரா லியோன் நாட்டுக்காரி. நூறு மீற்றர் ஓட்டத்தில் தன் நாட்டில் அவளை முந்த ஆளில்லை. இருபத்தொரு வயதில் உலகப் பெரும்போட்டி ஒன்றுக்குப் போனாள். துப்பாக்கி வெடிக்க ஒரு கண்ணிமைப்பு முந்திக் கால் அசைந்துவிட்டது. அந்த ஓட்டத்தில் முதல் பிழையே கடைசிப் பிழை. சிவப்பு அட்டையைக் காட்டி வெளியே அனுப்பிவிட்டார்கள். அத்தனை வருடப் பயிற்சி, ஓரடிகூட ஓடாமல் முடிந்தது. பிறகு தொடைத் தசை கிழிந்தது. பிறகு இடது பாதத்தில் முறிவு, சத்திரசிகிச்சை. காலையில் முதியோர் இல்லத்தில் ஷிப்ட், பின்னேரம் பயிற்சி என்று திரும்ப எழும்பி வந்திருந்தாள். வயது இருபத்தொன்பது. உலகப் போட்டிக்குத் தகுதி நேரம் எடுக்க அன்றுதான் கடைசி நாள்.

தொலைந்தது அவளுடைய, அடியில் ஆணி வைத்த ஓட்டச் சப்பாத்து; முறிந்த பாதத்துக்கு அளவெடுத்துச் செய்தது. இரவல் வாங்க முடியாது. பதற்றத்தில் என் ஒன்பதாம் நம்பர்ச் செருப்பைக் கழற்றி நீட்டினேன். அவள் அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் திரும்பப் போட்டுக்கொண்டேன்.

நடந்தது இதுதான். காலையில் அவளை ஏற்றியபோது அவளுடைய பையின் நாடா அறுந்துவிட்டது. காரில் கிடந்த, ஈஸ்ட் ஹாம் சேலைக் கடையொன்றின் பையைக் கொடுத்தேன். சப்பாத்தை அதில் போட்டு டிக்கியில் வைத்தாள். வழியில் மாலைகளை இறக்கக் கோயிலடியில் நிறுத்தினேன். பிரசாதப் பெட்டி இரண்டைத் தந்தார்கள். பிரசாதத்தையும் சப்பாத்தையும் ஒரே டிக்கியில் வைக்கலாமா? நம் வீட்டில் அப்படியா வளர்த்தார்கள்? சப்பாத்துப் பையை எடுத்து வாசலில் செருப்புத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். பெட்டிகளைப் பக்தியோடு அடுக்கினேன். கோபுரத்தைக் கும்பிட்டேன். டிக்கியை மூடினேன். போய்விட்டேன். ஆமினாட்டா முன் சீற்றில் கண்ணை மூடித் தன் பிரார்த்தனையில் இருந்தாள்.

"அங்கிள், நான் கத்தினால் என் கால் நடுங்கும். அதனால் கத்தப் போவதில்லை. மூன்றே காலுக்கு எங்களை அழைத்துச் சப்பாத்தைச் சோதிப்பார்கள். அதற்குள் வந்துவிடுங்கள்" என்றாள்.

மனைவி சாந்திக்குப் போன் போட்டேன்.

"உங்கட தலையையும் கழட்டிச் செருப்புத் தட்டிலயோ வைச்சனீங்கள்?"

"சாந்தி, நேர்த்தி ஏதும் வையன்..."

"நேர்த்தி நான் வைக்கிறன். நீங்கள் காரை எடுங்கோ!"

ஆற்றுக்கடியில் போகும் பிளாக்வோல் சுரங்கப் பாதையில் வாகனங்கள் நின்றுவிட்டன. நான் அம்மனோடு பேரத்தைத் தொடங்கினேன். நூற்றெட்டுத் தேங்காய் என்றேன். அசையவில்லை. காவடி என்றேன். ஓரடி நகர்ந்தது. ஆட்டிறைச்சியை விடுகிறேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை தவிர என்று உடனே சேர்த்தேன். திரும்ப நின்றுவிட்டது.

கோயில் வீதியைத் தேருக்காக மூடியிருந்தார்கள். காரைத் தெருவோரம் விட்டு, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். அன்று லண்டனில் முதல் ஓட்டம் என்னுடையது. கைப்பிள்ளையோடு போன ஒரு தாய் என்னை முந்தினார்.

செருப்புத் தட்டில் ஆயிரம் சோடி இருந்தது. பை இல்லை. அப்படியே குந்திவிட்டேன். தேங்காய், காவடி எல்லாம் மறந்துபோயிற்று. வாயில் வந்தது இவ்வளவுதான்: "அம்மா, பிழை என்ரது. அவளைத் தண்டிச்சுப் போடாதை."

"என்ன தம்பி, செருப்பைத் துலைச்சுப்போட்டீரோ?" அர்ச்சனைச் சீட்டு எழுதும் வசந்தி அக்கா.

"இல்லை அக்கா. இதில ஒரு சேலைக் கடைப் பை..."

"ஓ, அதோ? ஆரோ அம்மனுக்குக் கொண்டந்த சேலையாக்கும் எண்டு நான்தான் உள்ளுக்குக் குடுத்துவிட்டனான்."

உள்ளே ஓடினேன். பிரசாதத்தோடு சேரக்கூடாது என்று நான் வெளியே வைத்த சப்பாத்து, மூலஸ்தான வாசலில், அம்மனுக்கு நேர் எதிரே, பட்டுச் சேலைகளின் மேல் இருந்தது. பையின் வாயில் மல்லிகைச் சரம். குருக்கள் கையை வைக்கப் போனார்.

"ஐயா, திறக்காதேங்கோ! உள்ளுக்குச் சப்பாத்து!"

வரிசையே திரும்பிப் பார்த்தது.

"ஆற்ற சப்பாத்து?" என்றார் குருக்கள்.

"ஓடுற பிள்ளையின்ர. மூண்டே காலுக்கு அங்க நிக்கோணும்."

"அப்ப ஏன் இங்க நிண்டு கதைக்கிறீர்? கழுவித் துடைக்கிறது என்ர வேலை. ஓடும்!"

மைதானத்தை அடைந்தபோது மூன்று இருபது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். வேலியோரம் ஆமினாட்டா கையை நீட்டியபடி நின்றாள். அதற்கு முன் நடந்த ஆண்கள் ஓட்டத்தில் யாரோ துப்பாக்கிக்கு முந்திவிட்டானாம். அடுத்த முறை இன்னொருவன். எல்லாம் பத்து நிமிடம் பிந்திவிட்டது. இன்னும் அவளை அழைக்கவில்லை.

எந்தப் பிழை அவளுடைய வாழ்க்கையைக் குழப்பியதோ, அதே பிழை அன்று யாரோ இருவரின் காலில் ஏறி அவளைக் காப்பாற்றியது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இப்போது எழுதும்போதும்தான்.

பிறகு அவள் ஓடினாள். அதை எப்படிச் சொல்வேன்? நான்கு வருடமாக என் வீட்டு மாடிப்படியில் நொண்டி நொண்டி ஏறியவள். துப்பாக்கி வெடித்தது. அவள் நிலத்தைத் தொட்டதாகவே தெரியவில்லை. நான் ஒருமுறை மூச்சை உள்ளே இழுத்தேன். அதை வெளியே விடுமுன் முடிந்துவிட்டது. பலகையில் நேரம் விழுந்தது. தகுதி நேரத்தைவிட ஒரு நொடியின் நூறில் இரண்டு பங்கு குறைவு. அவள் தடத்தில் நெற்றியை வைத்து விழுந்தாள். சப்பாத்து நாடாவில் ஒரு மல்லிகை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் அழுதேன். அன்றைக்கு இரண்டாந்தரம்.

உலகப் போட்டியில் பதக்கம் கிடைக்கவில்லை. அரையிறுதிவரை போனாள். ஆனால் துப்பாக்கி வெடிக்கும்வரை அசையாமல் நின்றாள். அதைத்தான் எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள் தன் அல்லாஹ் என்கிறாள், நான் என் அம்மன் என்கிறேன். அவர்கள் இருவரும் பேசி வைத்திருப்பார்கள் என்கிறாள் சாந்தி. நான் பேரம் பேசுவதை விட்டுவிட்டேன். இறைச்சியையும்தான், ஞாயிறு உட்பட.

இந்த வருடத் தேருக்கு ஆமினாட்டாவும் வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, அதே கடைப் பையொன்றை என் கையில் தந்தாள். நான் பயத்தில் உள்ளே எட்டிப் பார்த்தேன்.

"பயப்படாதீர்கள் அங்கிள். இந்த முறை சேலைதான்."

உங்கள் கையிலும் ஏதோ ஒரு பை இருக்கும். சேலையாக இருக்கவேண்டும் என்றில்லை. கொண்டுபோய் அம்மன் முன்னால் வையுங்கள். உள்ளே சப்பாத்து இருந்தாலும் அவள் பார்த்துக்கொள்வாள்.