அயர்லாந்துத் தம்பிக்குப் பதிலாக

நான்கு வருடங்களுக்கு முன் ஒரு ஆடி அமாவாசை நாள். பெங்களூர் தொம்மலூரில், பழைய தெருவொன்றில், ஒரு வீட்டின் கீழ்த்தளத்து ஒற்றை அறையில் குடியிருந்தேன். சொந்த ஊர் யாழ்ப்பாணம். மேற்படிப்புக்காக வந்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

வெளிநாட்டில் படிக்கப் போகிறேன் என்றபோது ஊரில் சிலர் சிரித்தார்கள். இந்தியா எல்லாம் ஒரு வெளிநாடா, தமிழிலேயே சமாளிக்கலாமே என்றார்கள். நானும் அதை நம்பித்தான் வந்தேன். வந்த பிறகு நான் வாயைத் திறந்தாலே, "நீங்க கேரளாவா?" என்று கேட்டார்கள். பஸ்ஸில் கன்னடம், வகுப்பில் ஆங்கிலம், கடையில் எல்லாம் கலந்த ஏதோ ஒன்று. சாம்பாரில் வெல்லம் போட்டிருந்தார்கள். எங்கள் ஊரில் ஆடி என்றால் வெயிலும் காற்றும்தான். இங்கே நாள் முழுக்கத் தூறல், பகலிலும் போர்வை தேவைப்பட்டது. முதல் வாரமே திரும்பிவிடலாமா என்று யோசித்தேன். அப்பா ஆசைப்பட்ட படிப்பு என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

அந்த அப்பா அப்போதே உயிரோடு இல்லை. எங்கள் பக்கத்தில் அப்பாவை இழந்தவர்கள் ஆடி அமாவாசை விரதத்தை விடவே மாட்டார்கள். முந்தைய வருடம் அம்மாவோடு கீரிமலைக்குப் போய், கேணியில் முழுகி, எள்ளும் தண்ணீரும் இறைத்து, வீட்டுக்கு வந்து படைத்துச் சாப்பிட்டேன். இந்த வருடம் நான் தனி. "ஒரே பிள்ளை நீ. விட்டிடாதை அப்பு" என்று அம்மா போனில் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். அதைச் சரியாகச் செய்துவிட வேண்டுமே என்பதுதான் அந்த வாரம் முழுக்க என் கவலை. விரதச் சமையலுக்கு எங்கள் ஊரில் கட்டாயமாகச் சேர்க்கும் காத்தோட்டிக்காயைத் தேடிக் கடை கடையாக அலைந்தேன். ஒரு கடைக்காரர் சுண்டைக்காயை நீட்டி, இதுவும் கசக்கும், எடுத்துப் போங்கள் என்றார். என்ன ஒரு சமாதானம்!

அன்று காலை வாளித் தண்ணீரில் தலை முழுகினேன். சோறும் பருப்பும் பூசணிக்காய்க் கறியும் எனக்குத் தெரிந்த மாதிரிச் சமைத்தேன். அப்பாவின் படம் என் போனில்தான் இருந்தது. அதைச் சுவரில் சாய்த்து வைத்து விளக்கேற்றினால், கொஞ்ச நேரத்தில் போன் அணைந்துவிடும். தட்டினால் அப்பா வருவார், மறுபடி போய்விடுவார். மூன்றாவது தடவை தட்டும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போதுதான் கதவு தட்டும் சத்தம் கேட்டது. மாடியில் இருக்கும் வீட்டுக்காரரின் மருமகள். வீட்டுக்காரர் அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்துவிட்ட தமிழ்க் குடும்பம். மருமகள் மண்டியாப் பக்கத்துக் கன்னடப் பெண், கல்யாணத்துக்குப் பிறகு தமிழ் பேசப் பழகியவர். பட்டுப் புடவையில் நின்றார்.

"தம்பி, ஸ்வல்ப மேல வர்றீங்களா? இன்னிக்கு எங்களுக்கு பீமன அமாவாசை. கடுபு ஒடைக்க ஆளில்ல. வருஷா வருஷம் என் தம்பி வருவான். இந்த வாட்டி அவன் அயர்லாந்துல இருக்கான், பொங்கல் முடிஞ்சதும் படிக்கப் போயிட்டான்."

எங்களுக்கு அப்பாவை நினைக்கும் அதே அமாவாசைதான் அவர்களுக்குப் பண்டிகை. பெண்கள் கணவருக்காகப் பூஜை செய்வார்களாம். பிறகு, உள்ளே காசு வைத்த கடுபுகளை, அதாவது நம் கொழுக்கட்டை மாதிரி ஒன்றை, வாசற்படியில் வைப்பார்களாம். கூடப் பிறந்தவன் வந்து அதை முழங்கையால் உடைக்க வேண்டுமாம்.

எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. விரத நாளில் பண்டிகை வீட்டுக்குப் போவதா? அதுவும் சுமங்கலிப் பூஜை நடந்த வீட்டுக்கு?

"அக்கா, இண்டைக்கு என்ரை அப்பாவுக்கு விரதம்..." என்று இழுத்தேன்.

அவர் என் தோளுக்கு மேலாக, விளக்குக்கு முன்னால் அணைந்து கிடந்த போனைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "எங்க மாமாவும் காலைல அவங்க அப்பாவுக்குத் தர்ப்பணம் பண்ணிட்டுத்தான் காபியே குடிச்சாரு. அதுக்கப்புறம் நான் பூஜை பண்ணேன். எங்க வீட்ல ரெண்டும் உண்டு. ஆனா உங்களுக்கு மனசு இல்லன்னா வேணாம் தம்பி."

அவர் படியேறிப் போனதும் அம்மாவை அழைத்தேன். நிச்சயம் வேண்டாம் என்பார் என்றுதான் நினைத்தேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தப் பிள்ளையின்ரை தம்பி எப்ப போனவன்?" என்றார்.

"தைப்பொங்கல் முடியவாம்."



"போய் உடைச்சுக் குடு. அப்பா ஒண்டும் நினையார். பிறகு வந்து படை."

போனேன். அக்காவின் கணவர் எப்படிக் குத்துவது என்று காட்டிக் கொடுத்தார். முதல் குத்தில் மாவு முழங்கையில் ஒட்டிக்கொண்டது, கடுபு உடையவில்லை. அடுத்ததை வேகமாகப் போட்டேன். உள்ளே இருந்த காசு எலும்பில் பட்டு, "ஐயோ அம்மா!" என்று கத்திவிட்டேன். வீடே சிரித்தது. அக்காவின் கையில் இருந்த போனுக்குள்ளிருந்தும் ஒரு சிரிப்பு வந்தது. அயர்லாந்துத் தம்பி, தலை கலைந்து, போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது.

அவன் கன்னடத்தில் ஏதோ சொன்னான். அக்காவின் சிரிப்பு நின்றது. "வாசப்படிய கொஞ்ச நேரம் காட்டிட்டே இருங்கிறான்" என்று எங்களிடம் சொல்லிவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். உடைந்த கடுபையும் கோலத்தையும் அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். அவனுக்கு ஒரு வார்த்தை ஆறுதல் சொல்ல வேண்டும்போல் இருந்தது. எந்த மொழியில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

நான் படைக்கக் கீழே வந்தபோது அக்கா ஒரு வாழையிலையோடு கூடவே வந்தார். என் போனை எடுத்து எதையோ மாற்றி வைத்துவிட்டு, "இனிமே அணையாது" என்றார். அன்று நான் சாப்பிட்டு முடிக்கும்வரை அப்பா என் எதிரிலேயே இருந்தார்.

மாலை அம்மா அழைத்தார். நான் சாப்பிட்டேனா என்று கேட்பார் என்று பார்த்தால், "அந்த அயர்லாந்துப் பிள்ளைக்கு அங்கை ஆரேன் சமைச்சுக் குடுப்பினமோ?" என்று கேட்டார்.

படிப்பு முடிந்து எனக்கு இங்கேயே வேலை கிடைத்துவிட்டது. அறையும் மாறிவிட்டேன். ஆனால் ஆடி அமாவாசைக்கு அப்பாவுக்குப் படைத்துவிட்டு, தவறாமல் தொம்மலூர் போகிறேன். அந்தத் தம்பிக்கும் அயர்லாந்திலேயே வேலை. லீவும் விசாவும் ஒன்றாக வாய்க்கவில்லை. ஒவ்வொரு வருடமும் அம்மா முதலில் கேட்பது, "அவன் வந்திட்டானே?" என்பதுதான். இன்னும் இல்லை அம்மா என்கிறேன். அந்த வாசற்படியில் குனிந்து முழங்கையை ஓங்கும் போதெல்லாம், அடுத்த வருடம் இந்த இடத்தில் நான் இருக்கக் கூடாது, அவன் இருக்க வேண்டும் என்றுதான் அப்பாவிடம் கேட்டுக்கொள்கிறேன்.